கருப்புச் சதுரம் எவ்வளவு பெரியது?

கட்டுரை பதினோரு பக்கம். தலைப்பு, 'ரஷ்ய அவான்கார்ட் ஓவியம்: புரட்சியின் வண்ணங்கள்'. பழைய மரபை உடைத்துக்கொண்டு முன்னே போன கலைஞர்களைத்தான் அவான்கார்ட் என்கிறார்கள். முதல் மூன்று பக்கத்தைப் படித்து முடித்துவிட்டேன், அதுவரை ஒரு ஓவியம்கூட வரவில்லை. யுகம் வந்தது, மானுட விடுதலை வந்தது, பழமையின் சங்கிலி இரண்டு தடவை அறுந்தது. ஒரு தூரிகை, ஒரு துணி, ஒரு நிறம் வரவில்லை.

எழுதியவன் என் பழைய மாணவன். பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. அவன் இப்போது கிருஷ்ணகிரியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறான். தருமபுரியில் நண்பர்கள் சிலர் கைக்காசு போட்டு ஒரு சிற்றிதழ் நடத்துகிறார்கள், அதற்குத்தான் கட்டுரை. 'ஓவியம் சம்பந்தப்பட்டது, நீங்க ஒரு பார்வை பாத்துக் குடுங்க' என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் அனுப்புகிறேன் என்றான். தாளில் எடுத்துக்கொண்டு வா என்றேன். திரையில் திருத்தினால் திருத்திய மாதிரியே எனக்கு இருக்காது. 2பி பென்சில் வேண்டும், ஓரத்தில் இடம் வேண்டும். சிவப்பு மை கூடாது. சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் மதிப்பெண்ணைத்தான் தேடுகிறார்கள்.

"நல்லா இருக்கா டீச்சர்?"

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு உங்க அம்மா இருக்காங்க. உட்காரு."

முதல் மூன்று பக்கத்தின் மேலும் குறுக்காக ஒரு கோடு போட்டேன். முகம் சுண்டிப்போனது. ஒரு சொல்கூடத் தப்பில்லை, ஆனால் இதே மூன்று பக்கத்தை பிரெஞ்சு ஓவியத்துக்கு முன்னாலும் வைக்கலாம், மெக்சிகோவுக்கு முன்னாலும் வைக்கலாம், தெருக்கூத்துக்கு முன்னாலும் வைக்கலாம். எங்கே வேண்டுமானாலும் பொருந்துகிற முன்னுரை எதற்கும் முன்னுரை இல்லை. அவனுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. வரட்டும். ஒன்பதாம் வகுப்பில் இவன் வரைந்த மாட்டுக்கு நாலு காலும் ஒரே பக்கம் இருந்தது. அப்போதும் இதே முகம்தான்.

நான்காம் பக்கத்தில் காஸிமிர் மாலேவிச் வருகிறார், வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு கருப்புச் சதுரத்தை வரைந்து அதையே ஓவியம் என்று மாட்டியவர். வந்த வேகத்தில் இப்படி ஒரு வாக்கியம்: '1917 அக்டோபர் புரட்சி பெற்றெடுத்த குழந்தையே கருப்புச் சதுரம்.' ஓரத்தில் '1915' என்று மட்டும் எழுதிவைத்தேன்.

"எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு?"

எல்லாப் புத்தகத்திலும் இல்லை. புரட்சியும் ஓவியமும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் அப்படி ஒரு நினைப்பு படிந்துவிடுகிறது. கருப்புச் சதுரம் முதலில் மாட்டப்பட்டது 1915 டிசம்பரில், பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த '0,10' கண்காட்சியில். அப்போது ஜார் மன்னர் சிம்மாசனத்தில்தான் இருந்தார். முதல் உலகப்போர் இரண்டாவது வருடத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் போனால், 1913 டிசம்பரில் 'சூரியன் மீது வெற்றி' என்று ஒரு இசை நாடகம். க்ருச்சோனிக் எழுத்து, மத்யூஷின் இசை, மேடைத் திரையும் உடைகளும் மாலேவிச். இன்னும் முன்னால், 1910இல் மாஸ்கோவில் சீட்டுக்கட்டின் டைமன் ஜாக்கிப் பெயரில் ஒரு கண்காட்சி. 1912இல் லாரியோனோவ், கொஞ்சரோவா என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து 'கழுதை வால்' என்ற பெயரில் இன்னொன்று. பெயரைப் பார்த்தாலே தெரியும், ஊர்ப் பெரிய மனிதர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வைத்த பெயர்கள். இதெல்லாம் லெனின் வெளிநாட்டில் ஒதுங்கியிருந்த காலத்தில் நடந்தவை.

இன்னொரு சிக்கலையும் அவனிடம் சொன்னேன். மாலேவிச் தானே கருப்புச் சதுரத்துக்கு 1913 என்று தேதி போட்டுக்கொண்டார். யோசனை அந்த நாடகத் திரையிலேயே பிறந்துவிட்டது என்பது அவர் வாதம். ஓவியர் சொன்ன தேதி ஒன்று, ஓவியம் மக்கள் கண்ணில் பட்ட தேதி ஒன்று. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தீனி எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு சங்கிலியை அறுத்துக்கொண்டிருக்கிறான்.

"அப்போ புரட்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?"

நிறைய உண்டு, ஆனால் முன்பின் மாறக் கூடாது. புதிதாக வந்த அரசு இவர்களுக்கு வேலை கொடுத்தது. ஓவியர் ஷகாலைச் சொந்த ஊரான வித்தெப்ஸ்கில் கலை ஆணையராக உட்கார வைத்தது. அவர் அங்கே ஒரு ஓவியப் பள்ளி தொடங்கினார். 1919இல் அந்தப் பள்ளிக்குப் போன மாலேவிச், அடுத்த வருடமே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு 'உனோவிஸ்' என்று ஒரு குழு அமைத்தார். ஷகால் ஊரை விட்டே கிளம்பிவிட்டார். லிஸிட்ஸ்கி வரைந்த, வெள்ளை வட்டத்தைச் சிவப்பு ஆப்பு பிளக்கும் சுவரொட்டி அந்தச் சூழலில் வந்ததுதான். அரசு இவர்களுக்குச் சுவரைக் கொடுத்தது, மேடையைக் கொடுத்தது, வகுப்பறையைக் கொடுத்தது. பதினைந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டது. இந்தக் கணக்கை எழுது, குழந்தை பெற்ற கதை வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் பக்கம் முழுக்கக் கருப்புச் சதுரம். 'பிரபஞ்சத்தின் எல்லையற்ற சூனியம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓடுகிறது.

"அது எவ்வளவு பெருசுடா?"

இரண்டு கையையும் விரித்தான். போதாது என்று இன்னும் கொஞ்சம் விரித்தான். கிட்டத்தட்ட தியேட்டர் திரை. போனில் நாலு விரல் அகலத்தில் பார்த்த படம், மனதுக்குள் போய் அப்படி வளர்ந்திருக்கிறது. அசல் 79.5 செ.மீ. அகலம், அதே அளவு உயரம். ஓரத்து வெள்ளையையும் சேர்த்துத்தான் இந்த அளவு.

ஒரு சனிக்கிழமை ஓவிய அறைக்கு வரச் சொன்னேன். வெள்ளைச் சார்ட் ஒன்று அகலம் போதவில்லை, இரண்டை ஒட்டி 79.5க்கு வெட்டினோம். நடுவில் கருப்பு ஒட்டினோம். அவன் ஸ்கேல் வைத்து மூலை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ்வளவு நேரா ஒட்டாதே" என்றேன். மாலேவிச்சின் சதுரம் கையால் வரைந்தது. பக்கங்கள் சட்டத்துக்கு நேராக ஓடவில்லை. உற்றுப் பார்த்தால் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தன் இஷ்டத்துக்குப் போகும். அச்சில் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. சில புத்தகங்களில் கம்ப்யூட்டரில் கருப்புப் பெட்டி போட்டே ஒப்பேற்றிவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெஞ்ச் மேல் பெஞ்ச் போட்டு ஏறி, இரண்டு சுவரும் கூரையும் சேரும் மூலையில் அதை மாட்டினான். '0,10' கண்காட்சியின் புகைப்படம் ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அவன் கட்டுரையிலும் சேர்த்திருந்தான். "அந்த போட்டோவுல கீழே என்ன இருக்கு?" என்று கேட்டேன். போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். மூலையில், சதுரத்துக்குக் கீழே, ஒரு நாற்காலி. சாதாரண மர நாற்காலி. மாதக்கணக்காக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நாற்காலியைப் பார்த்ததே இல்லை. ஓவியத்தின் அளவு அந்தப் படத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இவன் பிரபஞ்சத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறான்.

மூலைக்கு ஒரு காரணம் உண்டு, அது அவனுக்குத் தெரிந்திருந்தது. ரஷ்ய வீடுகளில் அப்படி ஒரு மூலையில்தான் ஐகான் எனப்படும் புனிதர் படங்களை வைப்பார்கள். ஆனால் 'நம் வீட்டுப் பூஜை அறை போல' என்று எழுதியிருந்தான். அதை அடித்தேன். நம் வீட்டில் பூஜை அறை உள்ளே இருக்கும், பாதி வீட்டில் திரையே போட்டிருக்கும், வந்தவர் எல்லாம் எட்டிப்பார்க்க முடியாது. அங்கே வாசலில் நுழைகிறவர் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும். சிலுவைக் குறி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரரிடமே பேசுவார். அந்த இடத்தில் புனிதரை எடுத்துவிட்டு ஒரு கருப்பை வைத்தால் வந்தவனுக்கு எப்படி இருக்கும்? பூஜை அறை என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. படிக்கிறவருக்குப் பழக்கமானதைச் சொல்கிறோம் என்று நினைத்து, அவர் பார்க்க வேண்டியதை மறைத்துவிடுகிறோம்.

பெஞ்சிலிருந்து இறங்கி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "டீச்சர், கழுத்தத் தூக்கிப் பாக்க வேண்டி இருக்கு" என்றான்.

"அதை எழுது."

இவன் பத்தாவது படிக்கும்போது ஒரு குழுவாக எல்லோரையும் தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் நடுகல் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். வட்டெழுத்தில் பொறித்த நடுகல்லை வாசித்துக் காட்டினால் அதன் நடை பிடிபடும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் ஆநிரையைக் கவர்ந்தார்கள், யார் மீட்கப் போய்ப் பட்டான். அவ்வளவுதான். வீரத்தின் மகத்துவம் பற்றி ஒரு வரி இருக்காது. அன்றைக்கு எழுதச் சொன்ன பக்கத்தில் இவன் அந்த வீரனின் கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுதினான். கல்லூரிக்குப் போய் அதை மறந்திருக்கிறான். அல்லது மறக்க வைத்திருக்கிறார்கள். 'ஆய்வு நடை' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில் கண்ணுக்கு இடம் கிடையாது.

கருப்புச் சதுரத்தை நேரில் பார்த்தவர்கள் முதலில் சொல்வது வெடிப்புகளைப் பற்றி. மேல்பரப்பு முழுக்க வலைபோல விரிசல். விரிசலுக்குள் உற்றுப் பார்த்தால் வேறு நிறங்கள் தெரியும். அடியில் இருக்கும் வண்ணம் சரியாகக் காயாமல் மேலே இன்னொரு பூச்சு ஏற்றினால் எண்ணெய் வண்ணம் இப்படித்தான் வெடிக்கும், இது என் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 2015இல் மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்து ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அந்தக் கருப்புக்கு அடியில் ஏற்கெனவே வண்ண ஓவியங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். ஒன்றல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. ஆக, 'சூனியம்' என்று இவன் ஒரு பக்கம் எழுதிய இடத்துக்கு அடியில் இரண்டு படம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

இதைச் சொன்னதும் அவன் தன்போக்கில் ஒன்று சொன்னான். அவன் அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். கருப்புக் கல் ஸ்லாப் பாலிஷ் முடிந்து வந்ததும் தண்ணீரைத் துடைத்துவிட்டு நேராக நின்று பார்க்க மாட்டார்களாம். டியூப்லைட் வெளிச்சம் சாய்வாக விழும் பக்கம் போய்க் குனிந்து பார்ப்பார்களாம். நேராகப் பார்த்தால் எல்லாமே கருப்பு. சாய்வாகப் பார்த்தால்தான் எங்கே சாம்பல் பாய்ந்திருக்கிறது, எங்கே வெள்ளைப் புள்ளி, எங்கே மயிரிழை விரிசல் என்று தெரியும். ஏற்றுமதிக்குப் போகிற கல்லில் ஒரு புள்ளி இருந்தாலும் கழித்துவிடுவார்கள். "எங்கப்பா ஒரு கல்லப் பாத்து 'இது பழுப்புக் கருப்புடா'ன்னுவார் டீச்சர். எனக்கும் சின்ன வயசுலயே தெரியும்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பர்கூர் பட்டறையில் கருப்பைப் படித்து வளர்ந்த பையன், உலகத்திலேயே பெயர்பெற்ற கருப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால், யாரோ எழுதிய சூனியத்தைக் கடன் வாங்குகிறான். ஐந்தாம் பக்கத்தை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வை என்றேன். "சொந்தக் கதை எழுதினா ஆய்வுக் கட்டுரை ஆகுமா?" என்று கேட்டான். சொந்தக் கதை வேண்டாம், சாய்வு வெளிச்சத்தில் கருப்பைப் பார்க்கத் தெரிந்தவனாக இரண்டு பத்தி எழுது, அப்பாவைப் பற்றி ஒரே வாக்கியம் போதும் என்றேன். எனக்குப் பிடித்த பத்தி அதுவாகத்தான் வந்திருக்கிறது. அடிக்கோடுகூட இல்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்தது தாத்லினின் கோபுரம். 'பெத்ரோகிராதில் 400 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட இக்கோபுரம் பின்னர் இடிக்கப்பட்டது.' கட்டாததை எப்படி இடிப்பார்கள்? மூன்றாம் அகிலம் என்ற உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்புக்கு நினைவுச்சின்னமாகத் தாத்லின் என்ற கலைஞர் திட்டமிட்டது; 1920 நவம்பரில் பெத்ரோகிராதில் வைக்கப்பட்டது மரத்தில் செய்த மாதிரி மட்டும். இரட்டைச் சுருளாக ஏறும் இரும்புச் சட்டகம், உள்ளே கண்ணாடி அறைகள். கீழே இருக்கும் கனசதுரம் வருடத்துக்கு ஒரு சுற்று, அதற்கு மேல் பிரமிடு மாதத்துக்கு ஒரு சுற்று, அதற்கும் மேல் உருளை நாளுக்கு ஒரு சுற்று. ஈஃபிள் கோபுரத்தை நூறடி இருநூறடியல்ல, மேலேறி மிதிக்கிற உயரம். உள்நாட்டுப் போரில் சாப்பாட்டுக்கே வழியில்லாத ஊரில் அவ்வளவு இரும்புக்கு எங்கே போவது? இரும்பு கிடைத்திருந்தாலும் நின்றிருக்குமா என்பது வேறு வழக்கு. மாதிரிக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கிற புகைப்படம் இருக்கிறது, அதைப் பார்த்து எழுது என்று குறித்தேன். ஒரே பக்கத்தில் தாத்லின், டாட்லின், தட்லின் என்று மூன்று பேர் வேலை செய்கிறார்கள், ஒருவரை வைத்துக்கொள் என்றும்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: 'இவ்வியக்கத்தில் பெண்களும் பங்கேற்றனர்.'

இங்கே எனக்குச் சுருக்கென்று வந்தது. '0,10' கண்காட்சியில் படம் வைத்தவர்கள் பதினான்கு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். ரோஸனோவா, பொப்போவா, உதால்த்ஸோவா அங்கே இருக்கிறார்கள். கொஞ்சரோவா 1913இல் மாஸ்கோவில் தனியாக வைத்த கண்காட்சியில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள். '5×5=25' என்று 1921இல் ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து படம் வைத்த கண்காட்சியில் ஸ்தெபனோவா, பொப்போவா, எக்ஸ்டர் என மூன்று பேர் பெண்கள். அந்த ஐவரில் ஒருவரான ரோட்சென்கோ சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று துணியில் மூன்று நிறத்தை மட்டும் பூசி, 'ஓவியம் முடிந்தது' என்கிற மாதிரி வைத்தது அங்கேதான். அவரைப் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் மாட்டியவர்கள் 'பெண்களும்' என்ற உம்மில் அடங்கிவிட்டார்கள்.

இதைவிட ஒரு சங்கதி. மாலேவிச்சின் புதுப் பாணி வடிவங்கள் வெளியே தலைகாட்டியது '0,10'இல் இல்லை. அதற்குச் சில வாரம் முன்னால், 1915 நவம்பரில், மாஸ்கோவில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் தலையணை உறைக்கும் கழுத்துத் துணிக்கும் உரிய எம்பிராய்டரி வடிவங்களாக அவை வந்துவிட்டன. உக்ரைனில் வெர்பொவ்கா என்ற கிராமத்துப் பெண்கள் தைக்கிற பட்டறைக்காகப் போட்ட வடிவங்கள். அப்புறம் 1923இல் பொப்போவாவும் ஸ்தெபனோவாவும் மாஸ்கோவில் ஒரு பருத்தி அச்சு ஆலைக்குப் போய்ச் சேலைக்கரை போடுகிற மாதிரி கோடும் வட்டமுமாகத் துணி வடிவம் போட்டார்கள். ஆலையில் ஓடி, கடைக்குப் போய், ஜனங்கள் உடுத்திய துணி அது. அடுத்த வருடம் பொப்போவாவின் சின்ன மகனுக்குச் செங்காய்ச்சல். அவன் போன சில நாளில் அதே காய்ச்சலில் அவரும் போனார். வயது 35. ரோஸனோவா அதற்கு முன்பே, 1918இல், தொண்டை அடைப்பானில்.

இதற்கு நான் சூடாவதற்குக் காரணம் உண்டு. நம் அரசுப் பள்ளியில் ஓவியம், தையல், இசை எல்லாம் 'சிறப்பாசிரியர்' என்ற ஒரே பட்டியல். சிறப்பு என்ன என்றால், அரையாண்டு நெருங்கினால் எங்கள் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி பல வருடம் தையல் டீச்சருடையது. ஓவியம் ஒரு படி மேல், தையல் ஒரு படி கீழ் என்று எங்கள் இருவரையும் வைத்துப் பேசியவர்கள் உண்டு. கருப்புச் சதுரத்துக்கு முன்னால் தலையணை உறை வந்தது என்று தையல் டீச்சரிடம் சொன்னேன். "இது உனக்கு இப்பத்தான் தெரியுதா" என்றார். அவருக்கும் அதுவரை தெரியாது.

'பெண்களும்' என்பதில் உள்ள அந்த 'உம்'மை நீக்கி ஒன்றரைப் பக்கம் எழுது என்று குறித்துக் கொடுத்தேன்.

கடைசிப் பக்கம் அவசரத்தில் முடிகிறது: 'ஸ்டாலின் இவ்வியக்கத்தைத் தடைசெய்தார்.' யார் கழுத்தில் யார் கை வைத்தார்கள் என்று தெரியாத மாதிரி ஒரு வாக்கியம். எப்படி நடந்தது என்று எழுது என்றேன். 1927இல் மாலேவிச் படங்களை எடுத்துக்கொண்டு வார்சாவுக்கும் பெர்லினுக்கும் போனார். திடீரென்று திரும்பும்படி ஆனது, படங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவற்றில் பல இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கின்றன. 1930இல் அவரைக் கைதுசெய்து அந்தப் பயணத்தைப் பற்றித்தான் குடைந்தார்கள். 1932 ஏப்ரலில் கட்சி ஒரு தீர்மானம் போட்டு எல்லாக் கலைக் குழுக்களையும் கலைத்தது. 1933இல் மாலேவிச் ஒரு சுயஉருவம் வரைந்தார். பழைய இத்தாலியப் பிரபு மாதிரி உடை, கண் மூக்கு எல்லாம் ஒழுங்காக, அரசுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீழ் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பொடிக் கருப்புச் சதுரம். 1935இல் இறந்தபோது அவர் உடலைக் கொண்டுபோன வண்டியின் முகப்பில் கருப்புச் சதுரம் கட்டியிருந்தது.

பிறகு கிடங்கு. 1980கள் வரை அசல் கருப்புச் சதுரத்தைச் சோவியத் மக்களே பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் அவன் கேட்காமல் விட்ட கேள்வி இருக்கிறது. நம் பக்கத்தில் கார்க்கியைத் தெரியும், டால்ஸ்டாயைத் தெரியும், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்த புத்தகங்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. மாலேவிச் ஏன் வரவில்லை? எங்கள் வீட்டில் அப்பா 'சோவியத் நாடு' வாங்கினார். வழவழப்புத் தாள், நல்ல வண்ணம். படித்து முடித்ததும் அந்தத் தாள்தான் எங்கள் பள்ளி நோட்டுக்கு அட்டை. டிராக்டர் ஓட்டும் பெண், பாலே ஆடும் பெண், விண்வெளி வீரர், தொழிற்சாலைத் திறப்பு விழா. கணக்கு நோட்டு, அறிவியல் நோட்டு என்று எத்தனையோ அட்டை போட்டிருக்கிறேன், ஒரு சதுரம் வந்ததில்லை. அனுப்பியவர்கள் தங்கள் வீட்டுக் கிடங்கைப் பூட்டி வைத்துவிட்டு நமக்குப் பத்திரிகை அனுப்பினார்கள். நட்பு நாடு என்று நாம் நெகிழ்ந்துகொண்டிருந்தோம். நெகிழ்ந்ததில் தப்பில்லை, தாள் நல்ல தாள்.

அந்தப் பூட்டுக்கு வெளியே சிலர் இருந்தார்கள். மாஸ்கோவில் கனடா தூதரகத்தில் வேலை பார்த்த கோஸ்தாகிஸ் என்ற கிரேக்கர் விலை போகாத இந்தப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பொப்போவாவின் உறவினர் வீட்டில், ஒட்டுப்பலகையில் வரைந்த ஓவியம் ஒன்றால் ஜன்னலை அடைத்திருந்தார்கள். மாற்றுப் பலகை கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அதைக் கழற்றிக்கொள்ள விட்டார்களாம். சவித்ஸ்கி என்பவர் மத்திய ஆசியாவில், மாஸ்கோ அதிகாரிகள் எட்டிப்பார்க்காத நூகுஸ் நகரில், 1966இல் ஒரு அருங்காட்சியகத்தையே தொடங்கி இப்படிப்பட்ட படங்களை அங்கே குவித்தார். 'தடைசெய்தார்' என்பதற்குப் பதிலாக அந்த ஜன்னல் பலகையை எழுதினால் போதும் என்றேன். குறித்துக்கொண்டான்.

எல்லாவற்றிலும் அவன் தலையாட்டிவிடவில்லை. ரோரிக் பத்தியில் மல்லுக்கு நிற்கிறான். நிக்கோலாய் ரோரிக்கின் மகன் ஸ்வெதஸ்லாவ் பெங்களூர் கனகபுரா சாலையில், தாதகுனி எஸ்டேட்டில், நடிகை தேவிகா ராணியோடு வாழ்ந்தவர். ஓசூர் தாண்டினால் பெங்களூர். ஆகவே ரஷ்ய ஓவியம் நம் வாசலுக்கே வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறான். நிக்கோலாய் 1913இல் பாரிஸில் மேடையேறிய பாலே ஒன்றுக்குத் திரையும் உடையும் போட்டவர், பெரிய ஓவியர், சந்தேகமில்லை. ஆனால் மாலேவிச்சும் தாத்லினும் போன தெரு வேறு, இவர் போன மலைப்பாதை வேறு. ரஷ்யர் என்பதற்காக ஒரே கட்டுரையில் உட்கார வைக்க முடியாது. அப்படிப் பார்த்தால் மாலேவிச்சே கீவில் போலிஷ் குடும்பத்தில் பிறந்தவர், ஷகால் வித்தெப்ஸ்க் யூதர், சுவரொட்டிகள் செய்த க்ளுத்ஸிஸ் லாத்வியர். தலைப்பில் இருக்கும் 'ரஷ்ய' என்ற அடையாளத்துக்கே ஒரு பத்தி விளக்கம் வேண்டும், அதை முதலில் எழுது என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டான். ரோரிக்கை விடமாட்டேன் என்கிறான்.

இரண்டாவது படி ஏழு பக்கமாக வந்திருக்கிறது. நாற்காலி முதல் பத்தியிலேயே இருக்கிறது. இப்போது எண்கள் கொஞ்சம் அதிகம்; எதைப் பார்த்தாலும் செ.மீ. போட்டிருக்கிறான். குறைத்துக்கொள்ளலாம். இனிப் படங்கள். இதழ் கருப்பு வெள்ளையில் அச்சாகிறது, தாளும் மெல்லிசு. ரோட்சென்கோவின் மூன்று நிறத்தைப் போட்டால் மூன்று சாம்பல் கட்டம்தான் வரும், அதை எடுத்துவிட்டோம். கருப்புச் சதுரத்தைப் பெரிதாகப் போட்டால் பின்பக்கத்து எழுத்தின் மேல் மை ஊறும் என்று அச்சகத்துக்காரர் சொல்கிறார். அதனால் கண்காட்சிப் புகைப்படம், சின்ன அளவில் பொப்போவாவின் ஒரு துணி வடிவம், தாத்லினின் மர மாதிரி, இந்த மூன்றும் போதும் என்று முடிவு. படக்குறிப்பில் வருடம், பொருள், அளவு, எங்கே இருக்கிறது என்ற நான்கும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ரோரிக்குக்கு ஒரு வழி சொன்னேன். பெங்களூர் சித்ரகலா பரிஷத்தில் அவர்கள் படங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். போய் நின்று பார்த்துவிட்டுத் தனிக் கட்டுரையாக எழுது, அடுத்த இதழில் இடம் கேட்டு வைக்கிறேன் என்றேன். "நீங்களும் வரீங்களா டீச்சர்?" என்கிறான். பள்ளியில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், பார்க்கலாம்.